ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை வேறிடம்: புயலுக்குப் பின் கூரையைக் கவனிக்கும் முறை

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியபோது, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் ஓட்டு வீட்டின் முகட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று தெருவில் விழுந்துகொண்டிருந்தன. காற்று கொஞ்சம் தணிந்ததுபோல் தெரிந்ததும் அப்பா ஏணியைத் தூக்கினார். பாட்டி ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ஓடு போனா வாங்கிக்கலாம்டா, இப்ப ஏறாத" என்றார். பத்து நிமிடத்தில் காற்று திசை மாறி மறுபடி அடித்தது. அன்று அப்பா மேலே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது புதுச்சேரியில் கட்டடப் பராமரிப்புதான் என் தொழில். 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் தொலைபேசியில் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். எதைப் படிப்பதற்கு முன்பும் ஒன்றை மனதில் வையுங்கள்: கூரை தண்ணீரை எதிர்த்து நிற்பதில்லை, அதற்கு வழி சொல்லி அனுப்பிவிடுகிறது. வழி அடைபட்ட இடத்தில்தான் ஒழுகல் தொடங்கும். அவசரத்தில் செய்யும் எந்த வேலையும் தண்ணீருக்கு வழி காட்டுவதாக இருக்கட்டும்.

காற்று அடிக்கும்போதும், இருட்டிலும், துணைக்கு ஆள் இல்லாதபோதும் மேலே ஏறாதீர்கள். புயலின் நடுப்பகுதியான கண் கடக்கும் ஊரில் சட்டென்று அமைதியாகும், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று திரும்பும். அந்த அமைதியை நம்பக் கூடாது.

ஃபேன் கொக்கியிலிருந்தோ விளக்குப் புள்ளியிலிருந்தோ சொட்டுகிறது

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் போட்ட மின்குழாய் வழியாகத் தண்ணீர் எளிதாக ஓடும். அதனால் ஓட்டை மாடியின் ஒரு மூலையில் இருக்க, சொட்டு நடு அறையின் ஃபேனில் வரும். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மெயின் போர்டுக்குப் போகத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தால் போகவே வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லித் தெருவிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077.

பலரும் மறந்துபோகிற ஒன்று இன்வெர்ட்டர். "கரண்டே இல்லையே சார்" என்று சொல்லிக்கொண்டே ஈரச் சுவிட்சைத் தொடப் போனவரை நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். லைனில் மின்சாரம் வராவிட்டாலும் இன்வெர்ட்டர் வயரிங்குக்குள் மின்சாரம் விட்டுக்கொண்டிருக்கும். அதையும் அணையுங்கள். மாடியில் சோலார் பலகை இருந்தால், வெளிச்சம் இருக்கும்வரை அதன் வயரில் மின்சாரம் இருக்கும், தொடாதீர்கள்.

டிரிப் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தால் அதைக் கட்டாயப்படுத்தித் தூக்கிவிட வேண்டாம். எங்கோ ஈரம் இறங்கியிருக்கிறது என்று அது சொல்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த அறை இருட்டாகவே இருக்கட்டும்.

மழை விட்டும் சொட்டு நிற்கவில்லை

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கான்கிரீட் வீடுகளில் நான் பார்க்கும் பாதிக்கு மேற்பட்ட சிக்கல் இதுதான்.

ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின் பல மணி நேரம் நகராமல் நின்றது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 40 செ.மீ. என்றால் ஏறக்குறைய 37,000 லிட்டர் தண்ணீர். மூன்று பெரிய தண்ணீர் லாரி அளவு. அவ்வளவும் வெளியே போக வேண்டிய வாய், நான்கு அங்குலக் குழாய். மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் பெய்தால் அப்படி ஒரு குழாய் சுமார் 430 சதுர அடியின் தண்ணீரைத்தான் தாங்கும். ஆயிரம் சதுர அடிக்கு இரண்டு மூன்று குழாய் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அடைத்துக்கொண்டு.

முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடி. முழங்காலுக்குக் கீழே கால் மறையும் அளவு தண்ணீர். மூலைக் குழாய் வாயில் குச்சியை விட்டு இழுத்தேன். பாதாம் இலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கருத்த அப்பளக் கட்டுபோல் வந்தன. அதன் அடியில் ஒரு கேரிபேக், புறா இறகு, பாதி கரைந்த துணிக் கிளிப். அதை எடுத்ததும் தண்ணீர் வாயில் சுழி போட்டது. அரை மணி நேரத்தில் மாடி தெரிந்தது. கீழே மூன்று அறையிலும் சொட்டு குறையத் தொடங்கியது. அந்த வீட்டில் ஒரு பைசா செலவில்லாமல் முடிந்த வேலை அது.

தேங்கிய தண்ணீரின் பாரத்தையும் யோசியுங்கள். நான்கு அங்குல உயரம் தேங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு ஒன்பது டன்னுக்கும் மேல். பழைய கூரைக்கு இது சாதாரணச் சுமையல்ல.

மழை கொஞ்சம் விட்டதும் பகலில் ஏறி, நீளக் குச்சியால் குழாய் வாயைத் திறந்துவிடுங்கள். வெறுங்கையை விடாதீர்கள், வெள்ளத்துக்குத் தப்பி வரும் பாம்பும் பூரானும் இந்த மாதிரி மூலையில்தான் ஒதுங்கும். பாசி பிடித்த தளத்தில் செருப்பைக் கழற்றி, பாதம் முழுதும் பதிய, மெதுவாக நடங்கள். கைப்பிடிச் சுவரில் சாயாதீர்கள், ஊறிய சுவர் விழக்கூடும். குழாய் கீழே எங்கோ அடைத்திருந்தால், கைப்பிடிச் சுவரில் தளத்திலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ஒரு துளை போட்டுத் தண்ணீரை வெளியே விழ விடலாம். தெருவில் ஆள் இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். புயல் முடிந்ததும் அந்தத் துளையை அடைக்காமல் ஒரு குழாய் செருகி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை குழாய் அடைத்தாலும் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது.

எங்கே ஓட்டை என்று தெரியவில்லை

இடத்தைப் பார்த்துத் தேடினால் ஏமாறுவீர்கள். நேரத்தைப் பாருங்கள்.

மழை தொடங்கிய ஐந்து பத்து நிமிடத்தில் சொட்டு, மழை நின்றதும் அதுவும் நின்றது என்றால் நேர் வழி இருக்கிறது: தளத்தைத் துளைத்துப் போகும் குழாயின் ஓரம், திறந்த விரிசல், உடைந்த ஓடு. பல மணி நேரம் கழித்துச் சொட்டத் தொடங்கி, மறுநாளும் நிற்காவிட்டால் மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் தங்கி ஊறுகிறது; வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) சரியில்லை அல்லது தட்டோட்டின் இணைப்பு திறந்திருக்கிறது. கிழக்குக் காற்றோடு அடிக்கும் மழையில் மட்டும் ஈரம் வந்தால் கூரையைக் குறை சொல்லாதீர்கள், கடல் பக்கச் சுவரிலும் சன்ஷேடு சேரும் இடத்திலும் பாருங்கள். வெயில் அடிக்கும் நாளிலும் ஈரம் வளர்கிறதா? அது மழையே அல்ல, மேல்நிலைத் தொட்டியோ குழாயோ கசிகிறது. தொட்டியின் வால்வை ஒரு இரவு மூடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஈரம் பரவிய எல்லையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் மணியும் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் இன்னும் வருகிறது. இதைவிட நம்பகமான கருவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அதுவரை சொட்டு விழும் இடத்தில் ஒரு பருத்தி நூலையோ கயிற்றையோ கட்டி, மறுமுனையை வாளிக்குள் விடுங்கள். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கும். தெறிக்காது, குழந்தைகளும் தூங்குவார்கள்.

ஓடு பறந்து வானம் தெரிகிறது

காற்று கூரையை அழுத்துவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். முகடு, மூலை, கூரை சுவருக்கு வெளியே நீளும் இறவாணத்து ஓரம் ஆகிய இடங்களில் அந்த இழுப்பு மிகக் கூடுதல். அதனால்தான் நடுக்கூரை அப்படியே இருக்க, முகட்டு ஓடும் ஓரத்து வரிசையும் முதலில் போகின்றன.

ஒன்றிரண்டு சீமை ஓடு போயிருந்தால் மேலே ஏறாமலே சரிசெய்யலாம். வீட்டுக்குள் ஏணி போட்டு, ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளுக்கு நடுவே கையை விட்டு, மேல் வரிசை ஓட்டைச் சற்றே தூக்கி, புது ஓட்டைக் கீழிருந்து மேலே தள்ளி, அதன் அடிப்பக்கக் காதை ரீப்பரில் மாட்டுங்கள். மேல் ஓட்டை இறக்கிவிட்டால் உட்கார்ந்துவிடும். அப்பா இதை இரண்டு நிமிடத்தில் செய்வார், எனக்கு ஐந்து ஆகும்.

நிறையப் போயிருந்தால் தார்ப்பாய்தான். இங்கே பலர் செய்யும் தவறு, ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் மூடுவது. பாயின் மேல் ஓரம் திறந்திருந்தால் முகட்டிலிருந்து வரும் தண்ணீர் அதற்கு அடியில் நுழைந்து முன்னைவிட அதிகமாக ஒழுகும். பாய் முகட்டைத் தாண்டி மறுசரிவில் மூன்று நான்கு அடியாவது இறங்க வேண்டும். கீழ் ஓரம் இறவாணத்துக்கு வெளியே தொங்க வேண்டும். இரண்டு பாய் தேவைப்பட்டால் கீழ்ப் பாயை முதலில் போட்டு, மேல் பாய் அதன் மீது இரண்டு அடி ஏறி வரும்படி விரியுங்கள். ஓடு அடுக்கும் அதே முறைதான்.

பாயின் மேல் செங்கல் வைப்பதை நான் விரும்புவதில்லை. அடுத்த காற்றில் அந்தச் செங்கல்லே யார் தலையிலாவது விழும். பாயின் ஓரத்தை ஒரு ரீப்பர் கட்டையில் இரண்டு சுற்று சுற்றி, கட்டையைக் கூரையின் சாய்வுச் சட்டமான கைமரத்தோடு கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பாயின் நடுவில் ஆணி அடிக்காதீர்கள், ஒவ்வொரு ஆணியும் ஒரு புது ஓட்டை.

இரண்டு சரிவும் சேரும் பள்ளத்தில் ஒழுகினால் ஓடுகளைக் குறை சொல்ல வேண்டாம். அங்கே போட்ட தகரத்தில் இலை நிறைந்திருக்கும் அல்லது தகரம் கடல் உப்பில் அரித்திருக்கும். கீற்று வேய்ந்த வீடாக இருந்து கீற்று கலைந்துவிட்டால், மழைக்காலம் முடியும்வரை முழுக் கூரையின் மேலும் பாயைப் போட்டு, அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, கயிற்றின் நுனியைத் தரையில் அடித்த முளையில் கட்டுங்கள்.

சிமெண்ட் ஷீட்டில் விரிசல், ஷீட் படபடக்கிறது

சிமெண்ட் ஷீட்டின் நடுவில் கால் வைக்காதீர்கள். பார்க்க உறுதியாகத் தெரியும், சட்டென்று உடைந்து ஆளைக் கீழே தள்ளும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் போல்ட் வரிசைக்கு மேலே, இரண்டு சட்டங்களுக்காவது குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நகர வேண்டும். பழைய ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. உடைந்த துண்டை நனைத்து, முகக்கவசம் போட்டு, பிளாஸ்டிக்கில் சுற்றி எடுங்கள். காய்ந்த நிலையில் உடைப்பதும் அறுப்பதும் கூடாது.

போல்ட் இருக்கும் இடத்தில் மட்டும் ஒழுகினால், ஜே போல்ட்டின் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். வாஷரை மாற்றினாலே போதும். போல்ட் ஷீட்டின் மேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளத்தில் துளை போட்டிருந்தால், ஓடும் தண்ணீருக்கு நீங்களே வாசல் திறந்து கொடுத்ததாகும். தகர ஷீட் படபடக்கும் சத்தம் வந்தால், காற்று நிற்கும்வரை அதன் கீழ் யாரும் இருக்க வேண்டாம். கழன்ற தகரம் காற்றில் கத்திபோல் பறக்கும்.

பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ், உத்திரத்தில் ஈரம்

புதுச்சேரியின் பழைய தெருக்களில் இன்னும் இருக்கும் கூரை இது. தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், கடைசியாகத் தட்டோடு. நூறு ஆண்டு நிற்கும் கூரை. ஆனால் தண்ணீர் உள்ளே தங்கிவிட்டால் மரம் உளுத்துவிடும்.

2014 நவம்பர் 29 அன்று தொடர்மழையில், கடற்கரைச் சாலையில் இருந்த 19ஆம் நூற்றாண்டின் மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் கால நகர மன்றம்) இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. அதன் பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் வீட்டுக்காரர் ஒருவருக்கு அந்த வசதி கிடைக்காது.

ஆகவே இந்த அறிகுறிகள் தெரிந்தால் யோசிக்காமல் அறையைக் காலி செய்யுங்கள்: மேலிருந்து மணலும் சுண்ணாம்புத் தூளும் விடாமல் உதிர்கிறது, மரம் முனகும் சத்தம் கேட்கிறது, நேற்றுவரை சுலபமாக மூடிய கதவு இன்று சட்டத்தில் இறுகுகிறது, உத்திரம் நடுவில் தொய்ந்திருக்கிறது. உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் உளுப்பு தொடங்கும். வெளிச்சத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள். வெண்ணெய்போல் இறங்கினால் அந்த அறையில் தூங்க வேண்டாம். சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ வைத்து முட்டுக் கொடுக்க அனுபவமுள்ள மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். நீங்களே தள்ளி முட்டுக் கொடுத்தால், தாங்காத இடத்தில் தூக்கி, நிற்கும் கூரையையும் கலைத்துவிடலாம்.

மாடியில் தார்ப்பாய் விரித்தால், அதன் பாரத்துக்கு வைக்கும் மணல் மூட்டையைச் சுவருக்கு நேர் மேலே வையுங்கள், அறையின் நடுவில் அல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. என் சித்தி வீட்டில், ஒழுகுகிறது என்று வந்த ஒரு ஒப்பந்தக்காரர் சுண்ணாம்புத் தளத்தின் மேல் இரண்டு அங்குலம் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். முதல் வருடம் ஒழுகவில்லை. சிமெண்ட் விரிசல் விட்டதும் அதன் வழியே இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மூன்றாவது மழைக்காலத்தில் இரண்டு குறுக்குக் கட்டைகள் கையால் பிய்க்கும்படி ஆகிவிட்டன. சுண்ணாம்பு மூச்சு விடும். அதன் விரிசலைச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைக்கும் பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பேணும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிப் பிரிவிலும் விசாரிக்கலாம்.

ஃபால்ஸ் சீலிங் தொப்பைபோல் தொங்குகிறது

மின்சாரத்தை நிறுத்துங்கள். கீழே பெரிய வாளி வையுங்கள். பக்கவாட்டில் நின்றுகொண்டு, தொங்கும் இடத்தின் அடியில் ஒரு சிறு துளை குத்துங்கள். தண்ணீர் அடங்கி இறங்கும். விட்டுவைத்தால் முழுப் பலகையும் ஒரே நேரத்தில் விழும்.

பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது

இந்தச் சிக்கலைப் புயல் உண்டாக்கவில்லை, வெளியே காட்டிக்கொடுத்திருக்கிறது. கடற்கரைக் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பழுப்புக் கறையும் கம்பியின் நீளத்துக்கு ஓடும் விரிசலும் அதற்கு முன்னறிவிப்பு. குச்சியால் தட்டினால் மண்பானை உடைந்ததுபோல் வெற்று ஓசை வரும் பகுதிக்குக் கீழே கட்டிலோ தொட்டிலோ இருந்தால் இன்றே நகர்த்துங்கள். அதன் மேல் வெள்ளை சிமெண்ட் பூசி மறைப்பது நோயை மறைப்பதுதான். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாக மெலிந்திருந்தால் அமைப்புப் பொறியாளர் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது.

மரம் கூரைமேல் சாய்ந்திருக்கிறது

வெட்டத் தொடங்காதீர்கள். அந்த மரமே இப்போது கூரையைத் தாங்கிக்கொண்டும் இருக்கலாம். மின்கம்பி சிக்கியிருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். வீட்டை விட்டு வெளியே வந்து 112க்கோ 1077க்கோ சொல்லுங்கள். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தபோது, அவசரத்தில் ஒரு கிளையை வெட்டி, மீதி மரம் உருண்டு சுவரைத் தள்ளிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பழுது பார்க்கத் தொடங்குவதற்கு முன்

தார்ப்பாய் போடலாம், தண்ணீரை இறைக்கலாம். ஆனால் உடைந்ததை எடுத்துப் போடுவதற்கு முன் படம் எடுங்கள்: வீட்டின் முன்பக்கம் தெரியும்படி ஒன்று, சேதத்தின் அருகில் ஒன்று, உள்ளே நனைந்த பொருள்கள் ஒன்று. தார்ப்பாய், கயிறு வாங்கிய ரசீதையும் வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து இருக்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடங்கும். பராமரிக்காமல் விட்ட பழைய ஒழுகல் அடங்காது. கடலூர் மாவட்டத்தில் வீடு சேதமென்றால் வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் தாலுகா அலுவலகம்.

நிரந்தர வேலை எப்போது

மழைக்காலத்தில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடிக்காதீர்கள். ஈரத் தளத்தில் ஒட்டாது. ஒட்டினாலும் உள் ஈரத்தைப் பூட்டிவைக்கும், முதல் வெயிலில் கொப்புளம் கிளம்பும். ஈரத்திலேயே இறுகும் விரைவுச் சிமெண்ட்டால் ஒரு விரிசலைத் தற்காலிகமாக அடைக்கலாம், அவ்வளவுதான். தை பிறந்து, தளம் நன்றாகக் காய்ந்து, சுவரில் உப்பு பூத்து உதிர்ந்த பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் பணத்தை முழுதாகக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். கான்கிரீட் தளம் உறுதியாக இருந்தால் மட்டும், குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஒன்று இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். மெட்ராஸ் டெரஸிலும் துருக் கம்பி தெரிந்த தளத்திலும் இதைச் செய்யவே கூடாது. 48 மணி நேரம் விட்டு, கீழே வந்து, பென்சில் கோட்டின் பக்கத்தில் நின்று பாருங்கள். கோடு தாண்டவில்லையா? சரி, மேலே போய்த் துணியை எடுத்துவிடுங்கள்.